கணிப்பு பொய்த்தால் சிரிக்கலாமா?

மாணவர்களே, உங்களில் பலர் பிறப்பதற்கு முன் நடந்த கதை இது. 2009ஆம் ஆண்டு ஜனவரியில், அந்த ஆண்டு சிங்கப்பூர்ப் பொருளியல் 2 முதல் 5 விழுக்காடு வரை சுருங்கலாம் என வர்த்தக, தொழில் அமைச்சு முன்னுரைத்தது. ஏப்ரலில் அது 6 முதல் 9 விழுக்காடாக மாறியது. ஆண்டு முடிந்தபோது வெளியான கணக்கில் சுருக்கம் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். முழுத் தரவுகள் வந்த பிறகு அதுவும் குறைந்தது. சரி, அடுத்த ஆண்டு? 2010இல் வளர்ச்சி 3 முதல் 5 விழுக்காடு இருக்கும் என்றார்கள். வந்ததோ 14 விழுக்காட்டுக்கும் மேல்!

இதற்குத் தேக்காவில் கிளி ஜோசியம் பார்ப்பவரே மேல் என்று சொல்லத் தோன்றும். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அது தவறு என்பது என் கருத்து.

நாளை மழை பெய்யும் என்று வானிலை ஆய்வகம் சொன்னால், அதைக் கேட்டு மேகம் மனம் மாறுவதில்லை. பொருளியலில் மேகங்களும் செய்தித்தாள் படிக்கின்றன. 2009இல் நிலைமை மோசமாகும் என்ற கணிப்பைப் பார்த்துத்தான் அரசாங்கம் அந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை முன்கூட்டியே ஜனவரியில் அறிவித்தது. ஊழியர்களை வேலையில் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு, ஒவ்வோர் உள்ளூர் ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 2,500 வெள்ளிக்கு 12 விழுக்காடு ரொக்கமாகக் கிடைத்தது. அதனால் தப்பிய வேலைகளும் உண்டு. உலக வர்த்தகம் மீண்டதும் ஒரு பெரிய காரணம்தான். ஆனாலும், எச்சரிக்கையைக் கேட்டு நடந்துகொண்டதால் எச்சரிக்கை பொய்த்தது என்றால், அந்தப் பொய் நமக்கு லாபம்தானே?

எனக்குக் கவலை தருவது வேறொன்று. கணிப்பைக் கேட்டவுடன் எல்லா மேலாளர்களும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் ஓடுவது. ஏற்ற இறக்கம் எப்போதும் வெளியிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறோம். பாதி நாமே உண்டாக்குவது.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ஒரு வகுப்பறை விளையாட்டு இதை அழகாகக் காட்டும். நான்கு பேர் வரிசையாக அமர்வார்கள்: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகிப்பாளர், ஆலை. விளையாட்டில் விற்கும் பொருள் பீர். நீங்கள் மைலோ என்று மாற்றிக்கொள்ளுங்கள்! ஒருவருடன் ஒருவர் பேசக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் அனுப்பும் கொள்முதல் சீட்டு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கேட்ட சரக்கு வந்துசேரச் சில வாரங்கள் ஆகும்.

முதலில் வாடிக்கையாளர்கள் வாரம் 4 பெட்டி வாங்குகிறார்கள். ஒரு வாரம் அது 8 ஆகிறது. கடைக்காரரின் கையிருப்பு கரைகிறது. சரக்கு வரத் தாமதம் என்பதால், எதற்கும் இருக்கட்டும் என்று 12 கேட்கிறார். மொத்த வியாபாரி அதைப் பார்த்து 18 கேட்கிறார். ஆலைக்குப் போய்ச் சேரும்போது எண்ணிக்கை எங்கோ போய்விடுகிறது. பிறகு கேட்ட சரக்கெல்லாம் மொத்தமாக வந்து குவிகிறது. இப்போது யாரும் ஒரு பெட்டிகூடக் கேட்பதில்லை. ஆலை வெறிச்சோடுகிறது. உண்மையான ஆலை என்றால் இங்கேதான் ஆட்குறைப்புக் கடிதங்கள் தயாராகும்.

இது விளையாட்டோடு நிற்கவில்லை. 2020இல் கொவிட் பரவியபோது, இனி யார் கார் வாங்கப் போகிறார்கள் என்று பல கார் நிறுவனங்கள் கணினிச் சில்லுகளுக்கான கொள்முதலைக் குறைத்தன. சில்லு ஆலைகள் மடிக்கணினி, கைப்பேசி நிறுவனங்களின் பக்கம் திரும்பின. சில மாதங்களிலேயே கார் விற்பனை மீண்டது. ஆனால் ஒரு சில்லைத் தயாரித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். விளைவு, 2021இல் உலகெங்கும் கார் ஆலைகள் நின்று நின்று ஓடின. 2011ஆம் ஆண்டு ஜப்பானிய நிலநடுக்கத்தில் பாடம் கற்ற டொயோட்டா, சில மாதத் தேவைக்கான சில்லுகளைக் கையிருப்பில் வைக்க ஏற்பாடு செய்திருந்தது. அதனால் தொடக்கத்தில் மற்றவர்களைவிடச் சமாளித்தது. பிற்பாதியில் அதுவும் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. டொயோட்டாவும் எதிர்காலத்தைச் சரியாகக் கணிக்கவில்லை. கணிப்பு தவறலாம் என்பதற்கு இடம் விட்டு வைத்திருந்தது, அவ்வளவுதான்.

அதனால்தான் முன்னுரைப்பு ஒற்றை எண்ணாக வராமல் ‘இத்தனை முதல் இத்தனை வரை’ என்று வருகிறது. நம் தலைப்புச் செய்திகள் பெரும்பாலும் இந்த இடைவெளியைச் சொல்லிவிட்டு உடனே மறந்துவிடுகின்றன. இடைவெளிதான் முக்கியம். அது விரிந்தால், சொல்பவருக்கே நிச்சயம் குறைவு என்று பொருள். அப்போது நல்ல மேலாளர் புதிய இயந்திரத்தை வாங்குவதையும் ஆளைக் குறைப்பதையும் சற்றுத் தள்ளிப்போடுவார். திரும்பப் பெற முடியாத முடிவுகள் அவை.

அமைச்சு பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் தன் முன்னுரைப்பை வெளியிடுகிறது. அடுத்த முறை அது மாறினால், “பார், மறுபடி மாற்றிவிட்டார்கள்” என்று சொல்லாமல், எந்தப் புதிய தரவு மாற்ற வைத்தது என்று தேடுங்கள். ஆய்வுக்கூடத்தில் புது அளவீடு வந்தால் நீங்கள் செய்வதும் இதுதான்.

மைலோ விளையாட்டையும் வகுப்பில் ஆடிப் பாருங்கள். முடிந்ததும் ஆலையாக இருந்தவரிடம் வாடிக்கையாளர்கள் எப்படி வாங்கியிருப்பார்கள் என்று வரையச் சொல்லுங்கள். பெரும்பாலும் மலையும் பள்ளமுமாக வரைவார். பிறகு உண்மையான சீட்டுகளைத் திருப்பிக் காட்டுங்கள்: முதலில் 4, பிறகு கடைசிவரை 8.