மாலை பிறகு, திடல் எங்கே?

தோழரே! பந்தயத் திடலில் தொண்டை வறள ஆர்ப்பரிப்போரில் நானும் ஒருவன். ஆயினும், வெற்றி மேடையைக் காணுந்தோறும் என் நெஞ்சம் பள்ளிக்கூடத்து மணலையே நாடுகிறது.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன், ஐந்து வயதில் பள்ளி செல்லும் வழியில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கியவர். தாயோ, காய்கறி விற்றுக் குடும்பம் காத்தவர். அந்தச் சிறுவனை உயரம் தாண்ட அழைத்தவர் யார்? பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர்! 2016-ல், ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டிப் பொன் கொணர்ந்தார் மாரியப்பன். தமிழக அரசு 2 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது, மகிழ்ந்தோம்.

அந்த ஆசிரியர் இல்லாதிருந்தால்? 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டுமென்கிறது. ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேலிருந்தால் உடற்கல்விப் பயிற்றுநரும் வேண்டுமென்கிறது. ஆனால், பகுதி நேரமாக! கணக்காசிரியரை அவ்விதம் அமர்த்த மனம் வருமா? தேர்வு நெருங்கினால் ஆட்ட வேளையைக் கணக்குப் பாடம் விழுங்குகிறது. பெற்றோராகிய நாமும் வாய் மூடி இசைகிறோம்.

வாக்குக் கேட்டு வருவோர் நம் கழகத்தாராயினும் கேளுங்கள்: "வென்றவனுக்கு மாலை பிறகாகட்டும், வெல்லப் போகிறவனுக்குத் திடல் எங்கே? ஆசிரியர் எங்கே?"