கீயைக் குறைச்சால் என்ன குறை?

அனிமே பார்க்கத் தொடங்கி, ஓப்பனிங் பாட்டை ஸ்கிப் பண்ணாமல் கேட்கத் தொடங்கி, பிறகு அந்தப் பாண்டுகளின் பெயர்களைத் தேடித் தேடிக் கேட்டு... எங்களில் பலர் ஜப்பானியப் பாட்டுகளுக்குள் போன வழி இதுதான். ஏசியன் குங்ஃபூ ஜெனரேஷன், ராட்விம்ப்ஸ், ஸ்பையேர், வன் ஓகே ரொக். ஒரு கட்டத்தில் கேட்டது காணாமல் பாடவும் ஆசை வரும். யூடியூப்பில் கரோக்கே இருக்கு. அறையில் நாலைந்து பேரும் இருக்கிறோம். ஆனால் மைக் (ஃபோன்தான்) கைமாறிக் கைமாறி, கடைசியில் 'நல்லாப் பாடுற' ஒருத்தரிடமே போய் நின்றுவிடும். மற்றவர்கள் கைதட்டுவோம். இந்தப் பழக்கத்தோடுதான் எங்களுக்குச் சண்டை.

எங்கள் தோழி ஒருத்தி ராட்விம்ப்ஸின் பாட்டுகளை முழுக்கப் பாடமாக வைத்திருக்கிறாள். பாடச் சொன்னால் மாட்டாள். பள்ளிக்கூட நாட்களில் குழுப்பாட்டுக்கு நின்றபோது, "நீ பின்வரிசையில நிண்டு வாயை மட்டும் அசை" என்று சொல்லிவிட்டார்களாம். அதோடு சரி. இப்படி ஒருத்தரையாவது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கரோக்கே வந்ததே இவளைப் போன்றவர்களால்தான் என்பது எங்களுக்கும் பிந்தித்தான் தெரிந்தது. நெகிஷி ஷிகெஇச்சி என்பவர் மின்னணுத் தொழிற்சாலை வைத்திருந்தவர். பாடிக்கொண்டே வேலைக்கு வருகிற மனுசனை அங்கிருந்த பொறியியலாளர் பகிடி பண்ண, 'பின்னணி இசை இருந்தால் நானும் நல்லாத்தான் பாடுவேன்' என்ற ரோசத்தில் 1967இல் ஒரு பெட்டி செய்ய வைத்தார். கோபேயில் இனோவே தைசுகே என்ற வாத்தியக்காரர், மதுக்கடைகளில் வாடிக்கையாளர் பாடப்பாடப் பின்னணி வாசித்துப் பிழைத்தவர். வாடிக்கையாளரான ஒரு முதலாளி பயணம் போகும்போது கூட வரச் சொல்ல, இவரால் போக முடியவில்லை. அந்த மனுசனின் இழுவைக்கும் வேகத்துக்கும் ஏற்றபடி வாசித்து நாடாவில் பதிந்து கொடுத்துவிட்டார். 1971இல் அதையே இயந்திரமாக்கி வாடகைக்கு விட்டார், காப்புரிமைகூட எடுக்கவில்லை. 2004இல் அவருக்கு இக் நோபல் 'சமாதானப் பரிசு' கொடுத்தார்கள், மனிதர்கள் ஒருத்தரை ஒருத்தர் சகித்துக்கொள்ளப் புதுவழி கண்டதற்காக! பகிடிப் பரிசுதான். ஆனாலும் சரியான காரணம். நெகிஷி 2024 ஜனவரியில் காலமானார்.

ஆக, ஆள் பாட்டுக்குப் பொருந்துவது இல்லை கரோக்கே. பாட்டு ஆளுக்குப் பொருந்துவது.

இப்போது என்ன நடக்கிறது? எதைப் பாடலாம் என்று ஜப்பானிய பாண்ட் ரசிகர்களைக் கேட்டால் முதலில் வருவது ராட்விம்ப்ஸின் 'சென்சென்சென்சே' (2016), ஒஃபிஷல் ஹிகெதான்திஸமின் 'ப்ரிட்டெண்டர்' (2019), பிறகு மிஸஸ் கிரீன் அப்பிளின் ஏதாவது ஒன்று. எல்லாம் எங்களுக்கும் உயிர். ஆனால் ஒன்று ஓட்டமாய் ஓடுது, மற்றது உச்சத்துக்கு ஏறுது, மூன்றாவது இரண்டையும் செய்து இடையில் பாய்ந்தும் காட்டுது. ஜப்பானில் கரோக்கே அறைகளில் புள்ளி போடுகிற வசதியும் இருக்கிறது. திரையில் சுருதிக்கோடு ஓடும், விப்ராட்டோ எண்ணப்படும், முடிவில் மதிப்பெண் வரும். சோதனை முடிந்துதானே அங்கே வந்தோம்!

எங்கள் வாக்கு பழைய பாண்டுகளுக்கு. த ப்ளூ ஹார்ட்ஸின் 'லிண்டா லிண்டா' 1987இல் வந்தது. சாக்கடை எலியைப் பற்றி மெதுவாகத் தொடங்கி, திடீரென்று எல்லோரும் குதிக்கிற இடத்துக்கு வரும். கோரஸில் நினைவில் வைக்க வேண்டியது தலைப்பை மட்டும்தான். ஒக்கினாவாவைச் சேர்ந்த மொங்கோல்800 அப்போது மூன்றே பேர், உயர்தரப் பள்ளியில் படிக்கும்போதே சேர்ந்தவர்கள். 2001இல் பெரிய கம்பனி எதுவும் இல்லாமல் வெளியிட்ட 'மெசேஜ்' அல்பம் விற்பனையில் முதலிடத்துக்கே போனது. அதில் வந்த 'சீசானா கொய் நோ உதா' ஒரு சின்னக் காதல் பாட்டு. தொண்டை கிழியக் கத்தினாலும் அது கெட்டுப்போகாது. வைற்பெரி என்ற ஹொக்கைதோ பெட்டைகள் 2000இல் திரும்பப் பாடிய 'நாட்சுமாட்சுரி'யும் அப்படித்தான். இவையெல்லாம் தரம் குறைந்த பாட்டுகள் என்று யாரும் சொன்னால் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். ஆயிரம் சாதாரணக் குரல்களில் பாடப்பட்டும் சாகாத மெட்டைப் போடுவது இலேசு இல்லை.

'லிண்டா லிண்டா லிண்டா' (2005) என்ற படத்தைப் பார்க்காதவர்கள் பாருங்கள். இயக்கம் யமாஷிதா நொபுஹிரோ. பாடசாலை விழாவுக்கு மூன்று நாள்தான் இருக்கு, பெட்டைகளின் பாண்ட் உடைந்துபோச்சு, பாட ஆள் இல்லை. கண்ணில் பட்ட பிள்ளையைக் கேட்கிறார்கள். அவள் ஜப்பானிய மொழியே சரியாக விளங்காத கொரிய மாணவி. தனியாகக் கரோக்கே அறைக்குப் பழகப் போகிறாள். குடிக்க ஏதாவது ஓடர் பண்ணத்தான் வேண்டும் என்று கடைப்பெடியன் நிற்க, இவளுக்கு விளங்காமல் இழுபறிப்படுவது நல்ல சிரிப்பு. 'அர்த்தம் தெரியாமல் என்ன பாட்டு' என்று எங்களைக் கேட்பவர்களுக்கு அந்தப் படத்தைத்தான் காட்டுவோம். அவள் பாடும்போது பாட்டு அவளுடையதாகிவிடுகிறது.

மொழி பற்றி இன்னொன்று. மாத்திரை எண்ணப் பழகிய எங்களுக்கு ஜப்பானியப் பாட்டு அவ்வளவு அந்நியம் இல்லை. அங்கும் குறில் ஒன்று, நெடில் இரண்டு. வித்தியாசம் மெய்யெழுத்தில். 'நிப்பொன்' எங்கள் கணக்கில் மூன்று மாத்திரை, அவர்களுக்கு நாலு, ஏனென்றால் ப்-க்கும் ன்-க்கும் முழுதாய் ஒவ்வொன்று. பாட்டில் நாங்கள் முந்திப்போய்த் தாளம் தப்புகிற இடம் பெரும்பாலும் இதுதான். அதை விட்டுப் பாடுங்கள், சரிவரும்.

உயரப் பாடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 'ப்ரிட்டெண்டர்' பாடித் தோற்பதும் ஒரு சந்தோசம். புள்ளியை நிறுத்திவிட்டுப் பாடுங்கள், கீயை இரண்டோ மூன்றோ இறக்குங்கள். கரோக்கே இயந்திரங்களில் அதற்கென்றே பட்டன் இருக்கு, ஃபோன் ஆப்களிலும் இருக்கு. அது தோல்வி இல்லை. இனோவே அந்த முதலாளிக்குச் செய்து கொடுத்ததும் அதுதான்.

போன கிழமை அறையில் 'லிண்டா லிண்டா' போட்டோம். கோரஸ் வந்தபோது அந்தத் தோழி ஃபோனை வாங்கவில்லை. ஆனால் வாயை மட்டும் அசைக்கவும் இல்லை. பக்கத்து அறையிலிருந்து சுவரில் தட்டினார்கள்.