மழை ஆள் பார்த்துப் பெய்வதில்லை!

“மழை பெய்தும் கெடுக்கும், காய்ந்தும் கெடுக்கும்” என்பார்கள். கிரிக்கெட்டில் அது பெய்துதான் கெடுக்கிறது.

ஆனால், கெடுப்பது மழை மட்டும்தானா? மனிதன் எழுதிய சட்டமும் சேர்ந்து கெடுத்தது உண்டு.

ஒரு பந்தில் 21 ரன்!

1992-ம் ஆண்டு, மார்ச் 22-ந் தேதி. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உலகக் கோப்பை அரை இறுதி ஆட்டம். இங்கிலாந்தும் தென் ஆப்பிரிக்காவும் மோதின.

தென் ஆப்பிரிக்கா ஜெயிக்க 13 பந்துகளில் 22 ரன் தேவை. அப்போது மழை வந்தது. 12 நிமிடம்தான் ஆட்டம் நின்றது.

மழை விட்டதும் இரண்டு ஓவர்களைக் கழித்தார்கள். மிஞ்சியது ஒரே பந்து. எடுக்க வேண்டிய ரன்னில் கழிந்ததோ ஒன்றே ஒன்று! ஒரு பந்தில் 21 ரன் எடுக்க யாரால் முடியும்? தென் ஆப்பிரிக்கா தோற்றது.

காரணம் என்ன? இங்கிலாந்து மிகக் குறைவாக ரன் எடுத்த இரண்டு ஓவர்களைக் கணக்கில் தள்ளுவது அன்றைய சட்டம். நன்றாகப் பந்து வீசியவர்களுக்கே தண்டனை கிடைத்தது!

அரிசியும் விறகும்

இந்தக் குறையைத் தீர்க்க, டக்வொர்த், லூயிஸ் என்ற இரண்டு ஆங்கிலேய நிபுணர்கள் புதுக் கணக்கு போட்டார்கள். 1997-ல் அது முதன்முதலாக ஆட்டத்தில் வந்தது. பின்னர் ஸ்டெர்ன் என்ற பேராசிரியர் அதைத் திருத்தினார்.

சோறு பொங்க அரிசியும் வேண்டும், விறகும் வேண்டும். அதுபோல ரன் எடுக்க ஓவரும் வேண்டும், விக்கெட்டும் வேண்டும். இரண்டும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தே இலக்கை நிர்ணயிக்கிறார்கள்.

ஆனால், கணக்குப் போடவும் ஆட்டம் ஓரளவு நடந்திருக்க வேண்டும். நாள் முழுக்க மழை கொட்டினால்? அதற்குத்தான் “ரிசர்வ் டே” என்னும் மாற்று நாள்.

இரண்டு நாளும் வீண்

2002-ல் கொழும்பில் சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம். முதல் நாள் இலங்கை 50 ஓவர் ஆடியது. இந்தியா 2 ஓவர் ஆடியதும் மழை. மறுநாள், விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. புதிதாகத் தொடங்கினார்கள்! இலங்கை மறுபடியும் 50 ஓவர் ஆடியது. இந்தியா ஆடிய 9-வது ஓவரில் மறுபடியும் மழை. கோப்பை இருவருக்கும் பொது என்றார்கள்.

இலங்கை ஆடிய அந்த 50 ஓவர் நேரத்தில், முதல் நாள் ஆட்டத்தையே முடித்திருக்கலாமே!

பிறகு இந்த முறை மாறியது. 2019 உலகக் கோப்பை அரை இறுதியில் மான்செஸ்டரில் மழை குறுக்கிட்டது. மறுநாள் நின்ற இடத்திலிருந்தே ஆடினார்கள். நியூசிலாந்து 18 ரன்னில் இந்தியாவை வென்றது. நமக்கு வருத்தம்தான். ஆனாலும், ஆடித் தீர்ந்த முடிவு.

ஒருவருக்கு மட்டுமா?

எல்லா ஆட்டத்துக்கும் மாற்று நாள் கொடுத்தால் என்ன? எளிதல்ல. அதே 2019-ல் அரை இறுதிக்கு முன்பே 45 ஆட்டங்கள். மைதானம், ஊழியர், பயணம், தங்கும் விடுதி, டெலிவிஷன் ஒளிபரப்பு எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். செலவும் ஏறும். இதில் நியாயம் உண்டு.

ஆனால், 2023 ஆசியக் கோப்பையில் நடந்தது வேறு. இந்தியா-பாகிஸ்தான் முதல் ஆட்டம் மழையில் முடிவின்றிப் போனது. அடுத்த சுற்றில் இவ்விரு அணிகளும் மோதும் ஆட்டத்துக்கு மட்டும் மாற்று நாள் தந்தார்கள். அதுவும் பந்தயம் பாதி நடந்த பிறகு! அதே சுற்றில் ஆடிய இலங்கைக்கும் வங்காள தேசத்துக்கும் அந்தச் சலுகை இல்லை.

இரண்டு பெரிய அணிகள் மோதினால் கூட்டம் அதிகம், வருமானமும் அதிகம். அதற்காகச் சட்டம் வளையலாமா?

மாற்று நாள் உண்டா, இல்லையா என்பதைப் பந்தயம் தொடங்குமுன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு சுற்றில் ஆடும் அத்தனை அணிக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும்.

மழை ஆள் பார்த்துப் பெய்வதில்லை. சட்டமும் ஆள் பார்க்கக் கூடாது.