ஆங்கிலக் கவிதைக்குத் தமிழே திறவுகோல்

ஆங்கிலத் தேர்வு நெருங்கிவிட்டால் நம் தங்கைகளில் பலர் நோட்ஸும் கையுமாக அலைவதைக் காண்கிறோம். கவிதையின் பொருள், அணி, நயம் யாவும் நெட்டுருவாகின்றன. வினாவில் ஒரு சொல் மாறிவிட்டாலோ பேனா நின்றுவிடுகிறது! "வயல்காட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது" என்று வீட்டிலும் சொல்லிவிடுகிறார்கள். மேல்நிலை வகுப்பு மாணவியராகிய நாங்கள் இதை ஒப்புக்கொள்வதற்கில்லை.

இதே காவிரிக் கரையைப் பாருங்கள். வலங்கைமானில் 1869ஆம் ஆண்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் பள்ளி ஆசிரியராக இருந்து, வெள்ளி நாக்குப் படைத்தவர் என ஆங்கிலேயரே வியக்கும் பேச்சாளரானார். மற்றொருபுறம், 1904இல் குடந்தை அரசுக் கல்லூரியில் சேர்ந்த கணித மேதை இராமானுஜன், ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். ஆகவே ஆங்கிலம் நம் மண்ணுக்கு ஒவ்வாததும் அன்று. அலட்சியப்படுத்தத் தக்கதும் அன்று.

கவிதையை ஆராயும் கருவிகள் தமிழ் வகுப்பிலேயே நம் கைக்கு வந்துவிட்டன. உவமை பிறக்கும் இடங்கள் வினை, பயன், மெய், உரு என்று தொல்காப்பியர் வகுத்தார். வேர்ட்ஸ்வொர்த் டாஃபடில் மலர்களைப் பற்றி 1807இல் வெளியிட்ட பாடலில் 1815இல் ஒரு பத்தியைச் சேர்த்தார். மலர்க்கூட்டத்தை விண்மீன்களுக்கு ஒப்பிடுவது அப்பத்தியிலேதான். மின்னுவது வினை, இடையறாது நீளும் தோற்றம் மெய். இவ்விரண்டையும் சொந்த வாக்கியத்தில் எழுதினால் அதுவே நயம் பாராட்டல். அந்த மலரை நாம் பார்த்ததில்லை. ஆனால் காற்றில் அலையலையாய்ச் சாயும் சம்பாக் கதிரைப் பார்த்திருக்கிறோமே! கவிஞரே எட்டாண்டு கழித்துத் திருத்திய பாடல், ஒரே வாசிப்பில் விளங்கவில்லை என்று சோர்வானேன்?

ஆயினும் ஓர் எச்சரிக்கை. 'ரைம்' என்றதும் எதுகை என்று எண்ணிவிடாதீர்கள். எதுகை பெரும்பாலும் அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் வருவது. ஆங்கில ரைம் பெரும்பாலும் அடியின் ஈற்றில் ஒலிப்பது. அது நம் இயைபுக்கே நெருங்கிய உறவு. மேலும் ஆங்கிலத்தில் எழுத்தை நம்பக்கூடாது. செவியையே நம்ப வேண்டும். 'ப்ளூ', 'ஷூ' இரண்டும் வேறு எழுத்துகளில் முடிந்தும் இயைகின்றன. 'கம்', 'ஹோம்' ஒரே எழுத்துகளில் முடிந்தும் இயைவதில்லை. மோனையும் அவ்வாறே: 'கேட்', 'கைட்' மோனையாகும், 'கேட்', 'சிட்டி' ஒரே எழுத்தில் தொடங்கியும் மோனையாகா. கண்ணால் மட்டும் படிப்பவளுக்கு இது எப்படிப் புலப்படும்?

எனவே மூன்று வேண்டுகோள்கள். தங்கைகளே, பாடலை மும்முறை வாய்விட்டுப் படியுங்கள். எது எதற்கு ஒப்பு, ஏன் ஒப்பு என்று கேளுங்கள். விடையைப் பிழையோடாவது நீங்களே எழுதுங்கள். பிழையைத் திருத்தித்தர நாங்கள் இருக்கிறோம். மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே, தமிழாசிரியையும் ஆங்கில ஆசிரியையும் சேர்ந்து நடத்தும் ஒரு பாடவேளையை வாரந்தோறும் அருளுங்கள். பெற்றோர்களே, எத்தனை மதிப்பெண் என்று கேட்குமுன், "அந்தப் பாட்டைச் சொல்லம்மா, கேட்போம்" என்று சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்க ஒருவர் இருந்தால் எங்களுக்கு அச்சம் விலகும். அச்சம் விலகினால் ஆங்கிலம் வரும்.