சந்தைக் கணிப்பும் சாமானியர் பணமும்

காலையில் பங்குச் சந்தை திறப்பதற்கு முன்பே கணிப்புகள் குவிந்துவிடுகின்றன. நிஃப்டி எந்தப் புள்ளியைத் தாண்டினால் ஏறும், எதற்குக் கீழே போனால் சரியும், இன்று வாங்க வேண்டிய ஐந்து பங்குகள் எவை என்று தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓயாமல் சொல்கின்றன. மாலையில் சந்தை முடிந்த பிறகு, காலையில் சொன்னது பலித்ததா என்று கணக்குப் பார்ப்பவர்கள் அரிது. மறுநாள் வேறு ஐந்து பங்குகள் வந்துவிடும்.

இந்தக் கணிப்பு வேலையில் ஆட்சியாளர்களும் இறங்கியதை 2024 மக்களவைத் தேர்தலின்போது நாடு கண்டது. ஜூன் 4-ஆம் தேதிக்கு முன்பே பங்குகளை வாங்கிவிடுங்கள் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா பேட்டியளித்தார். வாக்குக் கணிப்புகள் வெளியானதை அடுத்து ஜூன் 3-ஆம் தேதி சென்செக்ஸ் 2,507 புள்ளிகள் உயர்ந்தது. பாஜகவுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை என்று தெரிந்த மறுநாள் 4,389 புள்ளிகள் சரிந்தது. பங்குகளின் மதிப்பில் சுமார் ரூ.31 லட்சம் கோடி ஒரே நாளில் கரைந்தது. ஜூன் 7-ஆம் தேதி சந்தை பழைய உயரத்தைக் கடந்துவிட்டது. ஆனால், அஞ்சி விற்றவர்களின் பணம் திரும்பவில்லை. கூட்டுக்குழு விசாரணை வேண்டும் என்றார் ராகுல் காந்தி. அரசுத் தரப்பு மறுத்தது. விவகாரம் அத்துடன் ஓய்ந்தது.

கூட்டுக்குழு அமைத்திருந்தாலும் பெரிய மாற்றம் வந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. 1992-இல் ஹர்ஷத் மேத்தா ஊழல் வெடித்த பிறகு ராம் நிவாஸ் மிர்தா தலைமையில் கூட்டுக்குழு அமைந்தது. 2001-இல் கேதன் பாரேக் விவகாரத்துக்குப் பின் பிரகாஷ் மணி திரிபாதி தலைமையில் இன்னொரு குழு அமைந்தது. அதே ஆண்டு ஜூலையில் யூனிட் டிரஸ்ட், தனது யுஎஸ்-64 திட்டத்தின் யூனிட்டுகளைத் திரும்பப் பெறுவதை ஆறு மாதங்களுக்கு நிறுத்தியபோது, ஓய்வூதியப் பணத்தை அதில் போட்டிருந்தவர்கள் கலங்கி நின்றனர். இரண்டு முறையும் பணம் போன பிறகுதான் நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது.

இப்போது பணம் போவது சந்தடியின்றி நடக்கிறது. எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர, ஆப்ஷன்ஸ் வணிகத்தில் பங்கை வாங்கி வைத்திருப்பதில்லை. சிறு தொகையைக் கட்டி, நிஃப்டி இந்த வாரம் ஏறுமா, இறங்குமா என்று பணம் வைக்கிறார்கள். சொன்ன தேதிக்குள் கணிப்பு பலிக்காவிட்டால் கட்டிய தொகை முழுவதும் போய்விடலாம்.

இதில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டமடைந்தனர் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. மொத்த இழப்பு ரூ.1.8 லட்சம் கோடிக்கு மேல். தரகு உள்ளிட்ட செலவுகளுக்கு மட்டும் இவர்கள் கொடுத்தது சுமார் ரூ.50 ஆயிரம் கோடி. 2023-24-இல் இந்த வணிகத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்டுக்கு ரூ.5 லட்சத்துக்கும் குறைவாக வருமானம் காட்டியவர்கள். அதே ஆண்டில், கணினி நிரல்களைக் கொண்டு வணிகம் செய்யும் பெரிய தரகு நிறுவனங்களும் அன்னிய முதலீட்டு நிறுவனங்களும் பெரும் லாபம் ஈட்டின.

2024 இறுதியில் செபி கட்டுப்பாடுகள் விதித்தது. குறைந்தபட்ச ஒப்பந்த மதிப்பு ரூ.5 லட்சத்திலிருந்து ரூ.15 லட்சமானது. வாராந்திர ஒப்பந்தம், ஒரு சந்தைக்கு ஒரு குறியீட்டெண் என்று சுருக்கப்பட்டது. அதன்பின் இந்த வணிகத்தில் ஈடுபடும் தனிநபர்களின் எண்ணிக்கை ஓரளவு குறைந்தது உண்மை. ஆயினும் 2024-25-இல் தனிநபர்களின் நிகர இழப்பு 41 சதவீதம் பெருகி, ரூ.1 லட்சத்து 5 ஆயிரம் கோடியைத் தாண்டியது.

இந்த எண்ணை இன்னோர் எண்ணுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் தடை செய்யும் மசோதாவை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இரண்டே நாள்களில் நிறைவேற்றின. ஆண்டுதோறும் மக்கள் சுமார் ரூ.20 ஆயிரம் கோடியை இழக்கிறார்கள், குடும்பங்கள் சிதைகின்றன என்பது அதற்கு அரசு கூறிய காரணம். இணையவழி ரம்மிக்கு எதிராக நெடுநாள் போராடிய தமிழகத்துக்கு அந்த வேதனை புதிதல்ல. ஆனால், ரூ.20 ஆயிரம் கோடி இழப்புக்குத் தடை என்றால், அதைப்போல் ஐந்து மடங்கு இழப்புக்கு வெறும் எச்சரிக்கை வாசகம் போதுமா?

இரண்டும் ஒன்றல்ல என்று நிதித்துறையினர் வாதிடுவர். அதில் நியாயம் உண்டு. விலை சரிவிலிருந்து தற்காத்துக்கொள்ளப் பெரிய முதலீட்டாளர்களுக்கு இந்த ஒப்பந்தங்கள் தேவை. எனவே முழுத் தடை தீர்வாகாது. ஆனால், தற்காத்துக்கொள்ளக் கையில் ஒரு பங்குகூட இல்லாத இளைஞர் கடன் வாங்கி வாராந்திர ஒப்பந்தம் வாங்குவது எந்த வகை முதலீடு? இத்தகைய வணிகம் மனிதனின் சூதாட்ட உணர்வுக்குத் தீனி போடுகிறது என்ற பொருளில் மத்திய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையே எச்சரித்தது. அடுத்த நாள் வந்த நிதிநிலை அறிக்கை, பங்குப் பரிவர்த்தனை வரியை உயர்த்தியது. வரி உயர்ந்தால் வணிகம் குறையும் என்பது அரசின் எதிர்பார்ப்பாக இருக்கலாம். ஆனால், நஷ்டப்பட்டவரும் அந்த வரியைக் கட்டியே தீர வேண்டும் என்பதை மறக்கலாகாது.

நாடாளுமன்றம் செய்யக்கூடியவை உண்டு. நிதித்துறை நிலைக்குழு, அடுத்த சரிவுக்குக் காத்திராமல் இதை விசாரிக்கலாம். வருமானத்துக்கும் அனுபவத்துக்கும் ஏற்பத் தகுதி வரம்பு விதிக்கப் பரிந்துரைக்கலாம். தினமும் பங்கு பரிந்துரைப்பவர்கள், முந்தைய பரிந்துரைகளில் எத்தனை பலித்தன என்பதையும் வெளியிட வேண்டும் எனக் கட்டாயமாக்கலாம். அமைச்சர்கள் சந்தைக்கு நாள் குறிப்பதை நிறுத்துவதற்குச் சட்டம்கூடத் தேவையில்லை, சற்றே நிதானம் போதும்.

பங்கு முதலீடே கூடாது என்பதல்ல வாதம். சில ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தை, நல்ல நிறுவனங்களிலோ பரஸ்பர நிதிகளிலோ சிறுகச் சிறுக முதலீடு செய்வது வேறு. கடன் வாங்கிய பணத்தை வியாழக்கிழமை என்ன ஆகும், செவ்வாய்க்கிழமை என்ன ஆகும் என்று பந்தயம் கட்டுவது வேறு. ஆலோசனை சொல்பவர் செபியில் பதிவு பெற்றவரா என்று பார்ப்பதும், உறுதியான லாபம் என்று சொல்பவரை விலக்குவதும் முதலீட்டாளர் தாமே செய்துகொள்ளக்கூடிய காப்பு. மற்றதைச் செய்ய வேண்டிய கடமை அவருடைய வாக்கைப் பெற்று அவைக்கு வந்தவர்களுக்கு உண்டு.