டாக்டரை முற்றுகையிடாதீர்! காலியிடத்தை நிரப்பச் சொல்லி முற்றுகையிடுவோம்!

  

மழை பொய்த்த வருஷத்திலும் நம் வீட்டில் அடுப்பெரிய வைப்பது மாடுதான். பிள்ளைக்கு பீஸ் கட்ட, ஆஸ்பத்திரிச் செலவுக்கு, விதை வாங்க என்று எல்லாவற்றுக்கும் கை கொடுப்பது சொசைட்டியில் ஊற்றும் பாலும், ஆத்திர அவசரத்துக்கு விற்கும் ஆடும்தான். அந்த மாட்டுக்கு ஒரு நோவு வந்தால் நாம் எங்கே போவது?

கால்நடை மருந்தகத்துக்குப் போனால் பாதி நாள் பூட்டு. திறந்திருந்தால் உதவியாளர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். "டாக்டர் இன்னைக்கு அடுத்த ஊர் ட்யூட்டிங்க, நாளன்னைக்கு வாங்க" என்கிறார். கன்று குறுக்கே திரும்பி நிற்கும் பசு நாளன்னைக்கு வரைக்கும் தாங்குமா?

நம் சங்கக் கூட்டத்தில் சிலர் கொதித்துப் போய், "டாக்டரை உள்ள வச்சுப் பூட்டுவோம், அப்பத்தான் புத்தி வரும்" என்றார்கள். கோபம் நியாயமானது. ஆனால் தட்ட வேண்டிய கதவு அது இல்லை என்பதே எங்கள் கருத்து. ஏன் என்று சொல்கிறோம்.

ஒரு டாக்டர், மூன்று நாற்காலி

நமக்கு வரும் டாக்டர் ஒரு மருந்தகத்துக்கு நியமிக்கப்பட்டவர். பக்கத்து மருந்தகத்தில் ஆள் இல்லை என்று அதையும் "கூடுதல் பொறுப்பு" என்று அவர் தலையில் கட்டினார்கள். பிறகு இன்னொன்று. கிளை நிலையத்தில் ஆய்வாளர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தில் புது ஆள் வருவதில்லை. அந்த வேலையும் இருப்பவர் மேல்தான் விழுகிறது.

வைத்தியம் மட்டுமா அவருக்கு வேலை? 6 மாதத்துக்கு ஒரு முறை கோமாரித் தடுப்பூசி முகாம். கிடேரிக் கன்றுக்குப் புருசெல்லா ஊசி. காது வில்லை போட்டு, அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இலவச ஆடு, மாடு திட்டம் என்றால் அதற்கும் அவர்தான். தை பிறந்தால் ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பரிசோதனை. மாடு செத்தால் பிரேதப் பரிசோதனை செய்து சான்று தர வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் கைக்கு வராது.

5,000 மாடுகளுக்கு ஒரு கால்நடை மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் 1976-லேயே சொல்லிவிட்டது. அந்தக் கணக்குப்படி அமைந்த மூன்று மருந்தகத்தை ஒருத்தர் பார்த்தால் அவருக்கு 15,000 மாடு. இதில் ஆட்டுக்கும் கோழிக்கும் யார் வருவது? அவரும் மனுஷர்தானே! அவரைப் பூட்டி வைத்தால் அன்றைக்கு மூன்று ஊர் மாட்டுக்கும் வைத்தியம் இல்லை. அவர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டால் மூன்று நாற்காலியும் காலி. நஷ்டம் நமக்குத்தான்.

காலியிடத்தின் விலை என்ன?

அரசாங்கத்துக்குக் காலியிடம் என்பது ஒரு சம்பளம் மிச்சம். நமக்கு?

காலையில் கத்துகிற மாட்டுக்கு மாலையில் சினை ஊசி போட வேண்டும். மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் போட வேண்டும். அந்த நேரம் தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். நாளைக்கு 8 லிட்டர் கறக்கும் மாடு என்றால் தள்ளிப்போவது 168 லிட்டர் பால். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலே 5,880 ரூபாய். தீவனச் செலவோ நிற்காது. இது ஒரு மாட்டுக்கு, ஒரு பருவத்துக்கு உள்ள கணக்கு. ஊருக்குக் கூட்டிப் பாருங்கள்.

கன்று போட்ட மாடு காது ஜில்லிட்டு, கழுத்தை விலாப் பக்கம் திருப்பிப் படுத்துவிட்டால் அது பால் காய்ச்சல். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிப் போன கோளாறு. டாக்டர் வந்து நரம்பில் கால்சியம் மெதுவாக ஏற்றினால் படுத்த மாடு எழுந்து நிற்கும். டாக்டர் கிடைக்காமல், கற்றுக்கொள்ளாதவர் கையில் விட்டு அதை வேகமாக ஏற்றினால் மாட்டுக்கு இதயம் நின்றுபோகும். காலியிடம் என்பது இப்படித்தான் உயிரை எடுக்கிறது.

2013-ல் கோமாரி வந்து டெல்டா மாவட்டங்களில் மாடுகளை வாரிக்கொண்டு போனதை மறக்க முடியுமா? தடுப்பூசி வந்து பிரயோஜனம் இல்லை, காலத்தில் போட ஆள் வேண்டும்.

"வண்டி விட்டிருக்கோமே" என்பார்கள்

1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் வண்டி வரும் என்கிறார்கள். 2024-ல் தமிழ்நாட்டுக்கு 245 நடமாடும் மருத்துவ வண்டிகள் விட்டார்கள். நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் ஊராட்சி ஒன்றியங்கள் 388. ஒன்றியத்துக்கு ஒரு வண்டி கூட இல்லை. ராத்திரி ஒரு மணிக்குக் கன்று மாட்டிக்கொண்டால்? வண்டி மருந்தகத்துக்குத் துணை. அதை மருந்தகத்துக்குப் பதிலாகக் காட்ட முடியாது.

"தனியாரைக் கூப்பிட்டுக்குங்க" என்பவர்களுக்கும் பதில் உண்டு. வரப்போக செலவு, மருந்து, பீஸ் என்று கொடுத்தால் ஒரு வாரப் பால் காசு போய்விடும். இரண்டு மாடு வைத்திருப்பவர் எத்தனை தடவை கொடுப்பார்?

படித்தவர்கள் இல்லையா? சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை என ஏழு அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. படித்து முடித்த பிள்ளைகள், அதிலும் நம்மைப் போன்ற விவசாயி வீட்டுப் பிள்ளைகள், வேலைக்குக் காத்திருக்கிறார்கள். 2019-ல் தேர்வாணையம் ஒரே அறிவிப்பில் 1,141 உதவி மருத்துவர் இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது. வருஷா வருஷம் நிரப்பியிருந்தால் இவ்வளவு இடம் எப்படிச் சேரும்? பற்றாக்குறை தானாக வந்ததல்ல, நிரப்பாமல் விட்டதால் வந்தது.

ஆள் வரும் வரை நாம் செய்ய வேண்டியது

தடுப்பூசி நாளில் வீடு வீடாக டாக்டரை அலைய விடாமல் காலை 7 மணிக்கே மாட்டை ஒரே இடத்தில் கட்டுவோம். மாடு கத்திய நேரத்தைக் குறித்து வைத்து உடனே தகவல் சொல்வோம். மிச்சமான ஊசி மருந்தை நாமே போட வேண்டாம். ஊசி போட்ட மாட்டுப் பாலை டாக்டர் சொல்லும் நாள் வரை சொசைட்டியில் ஊற்ற வேண்டாம். தெரியாதவரைக் கையை உள்ளே விட்டுக் கன்றை இழுக்க விட வேண்டாம். கருப்பை கிழிந்தால் தாயும் போகும், கன்றும் போகும்.

நம் கோரிக்கைகள்

1. காலியாக உள்ள டாக்டர், ஆய்வாளர், உதவியாளர் இடங்களை நிரந்தரமாக நிரப்பு!

2. ஒருவருக்கு ஒரு மருந்தகத்துக்கு மேல் பொறுப்புக் கொடுக்காதே! அதுவரை, டாக்டர் எந்தக் கிழமை எந்த ஊரில் இருப்பார் என்று வாசலில் போர்டு எழுதி வை!

3. இரவு அவசரத்துக்கு ஒன்றியத்துக்கு ஒரு டாக்டரை முறை வைத்து நியமி! வண்டியும் கொடு!

4. ஓய்வு பெறுபவர் இடத்துக்கு, அவர் போகும் முன்பே ஆள் போடு!

நாம் தட்ட வேண்டிய கதவு ஆட்சியர் அலுவலகமும் மண்டல இணை இயக்குநர் அலுவலகமும்தான். திங்கட்கிழமை மனுநாளில் ஊர் ஊராக மனு கொடுப்போம். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்போம். கிராம சபையில் தீர்மானம் போடுவோம். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் "எத்தனை இடம், எத்தனை காலி, எந்தத் தேதியிலிருந்து காலி" என்று கேட்போம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலை நோட்டீஸ் போட்டு ஊர் ஊராகக் கொடுப்போம்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாட்டையும் ஓட்டிக்கொண்டு ஆட்சியர் அலுவலக வாசலுக்கே போவோம். பொறுப்பு டாக்டரையும் கூட வரச் சொல்வோம். அவர் பாரம் குறையவும்தானே நாம் போராடுகிறோம்!

மாடு பிழைத்தால் வீடு பிழைக்கும்! ஒன்று சேர்வோம்! காலியிடத்தை நிரப்ப வைப்போம்!