சரளைச்சாலைகளை யாருக்காகக் காப்பது?

சிம்லாவிலிருந்து கின்னௌர், ஸ்பிதி நோக்கிச் செல்லும் தமிழ் நண்பர்கள் ஆண்டுதோறும் பெருகிவருகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் நார்கண்டாவில் தேநீர் அருந்திவிட்டு, தேசிய நெடுஞ்சாலை 5இன் வழியே சட்லெஜ் ஆற்றை நோக்கி இறங்கிவிடுகிறார்கள். ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்திலிருந்து, 1,000 மீட்டர் அளவே உயரமுள்ள ராம்பூருக்கு ஒரே சரிவு. அதே நார்கண்டாவிலிருந்து இன்னொரு சாலை, பள்ளத்தாக்கிற்கு இறங்காமல், மலைமுகட்டை ஒட்டிக் காட்டுக்குள் செல்கிறது. பாகி, கத்ராலா, சுங்ரி, பாஹ்லி, தக்லேச் என்று அதன் ஊர்கள் தொடரும். சில பகுதிகளில் தார் போடப்பட்டுவிட்டது. இடையிடையே இன்னும் மண்ணும் சரளையும்தான். இச்சாலையையும் இதைப் போன்ற மலைச்சாலைகளையும் தார் மூடாமல் காக்க வேண்டும் என்று மிதிவண்டி ஓட்டுவோரிடையே ஒரு குரல் எழுந்துவருகிறது. நானும் இச்சாலையில் மிதிவண்டி ஓட்டுபவன்தான். ஆயினும் அக்குரலின் பாதியை மட்டுமே என்னால் ஏற்க முடிகிறது.

முதலில் சாலையைப் பற்றிச் சில சொற்கள். இது பழைய இந்துஸ்தான்–திபெத் சாலையின் ஒரு பகுதி. டல்ஹௌசி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, 1850இல் இதன் பணி தொடங்கியது. பிற்காலத்தில் மோட்டார் சாலை சட்லெஜ் கரையோரமாகப் போடப்பட்டதும், முகட்டுவழி ஆப்பிள் தோட்டங்களுக்கும் வனத்துறைக்கும் உரியதாகச் சுருங்கியது. நிலவியல் நோக்கில் பார்த்தால் இதற்கு இணையான சாலைகள் நாட்டில் மிகச் சிலவே. இதன் வடபுறச் சரிவில் விழும் மழைத்துளி சட்லெஜில் கலந்து, சிந்துவோடு அரபிக்கடலைச் சேர்கிறது. தென்புறச் சரிவில் விழுவது பப்பர் ஆற்றில் இறங்கி, டோன்ஸ், யமுனை, கங்கை வழியாக வங்கக்கடலுக்குப் போகிறது. சிந்துச் சமவெளிக்கும் கங்கைச் சமவெளிக்கும் நீரைப் பிரித்தளிக்கும் வரம்பின்மேல் மிதிவண்டி செல்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தேவதாருவும், உள்ளூரார் ‘ரை’ என்றும் ‘தோஸ்’ என்றும் அழைக்கும் ஊசியிலை மரங்களும், உயரே கர்சு ஓக் மரங்களும் இருபுறமும் நிற்கின்றன.

இத்தகைய வழிக்கென்றே உருவானது ‘கிராவல்’ மிதிவண்டி. பந்தய மிதிவண்டியைப் போல் வளைந்த கைப்பிடி, ஆனால் 40 மில்லிமீட்டரை ஒட்டிய அகலமான டயர், அதில் குறைந்த காற்றழுத்தம், வட்டத்தட்டு பிரேக்கு, அவ்வளவுதான். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலச் சரளைச்சாலைகளில் 2006இல் தொடங்கிய நெடுந்தூரப் பந்தயம் இதைப் பரப்பியது. 2022இல் இத்தாலியில் முதல் உலகப் போட்டியே நடந்துவிட்டது. நம் மலைமாவட்டங்களில் பால்காரரும் தபால்காரரும் சாதாரண மிதிவண்டியிலேயே இதைவிடக் கடினமான வழிகளில் சென்றிருக்கிறார்கள் என்பது வேறு செய்தி.

இத்தாலியின் தஸ்கனியில் சரளைச்சாலைகளைக் காக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு 1997இல் ‘லெரோயிகா’ என்னும் மிதிவண்டி நிகழ்வு தொடங்கப்பட்டது. பழைய மிதிவண்டிகளில், பழைய உடையில், அங்குள்ள வெண்சாலைகளில் ஓட்டுவது அதன் வழக்கம். தார் வேண்டாம் என்போர் தவறாமல் இந்த எடுத்துக்காட்டைச் சொல்கிறார்கள். எடுத்துக்காட்டு நல்லதுதான், ஆனால் அதை அப்படியே இங்கே நட முடியாது. தஸ்கனியின் திராட்சைத் தோட்டத்து முதியவருக்கு மாரடைப்பு வந்தால், மருத்துவமனைக்குச் செல்ல அருகிலேயே நல்ல சாலை உண்டு. சுங்ரிக்கு மேலே ஒரு கிராமத்தில் பனிக்காலத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு அப்படியில்லை.

ஆப்பிளையும் மறக்க இயலாது. சிம்லா மாவட்டத்தின் மேற்பகுதிப் பொருளாதாரமே ஆப்பிள்தான். பறித்த பழம் பெட்டியில் குலுங்கினால் அடிபடும். அடிபட்ட பழம் மண்டியில் ஒரு தரம் கீழே இறங்கும். அந்த ஒரு தர வேறுபாட்டில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வரவு தேய்ந்துபோகும். பாகிக்கு அருகில் ஒரு தோட்டக்காரர் என்னிடம் கேட்டார்: “நீங்கள் வந்துபோகும் இரண்டு நாளுக்காக, மிச்சமுள்ள முந்நூற்று அறுபத்து மூன்று நாளும் நாங்கள் குலுங்க வேண்டுமா, பாயி சாஹப்?” இதற்கு எந்த அழகியல் விளக்கமும் விடையாகாது.

பழமையின் பெயரால் வாதிடுவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இச்சாலையின் தொன்மை கள்ளமற்றதன்று. மலைநாட்டு மக்களைக் கட்டாயப்படுத்தி அதிகாரிகளின் சுமையைத் தூக்கவைத்த ‘பேகார்’ முறை இவ்வழியில்தான் நடந்தது. அதற்கெதிராக 1920களின் தொடக்கத்தில் கோட்கட் பகுதியில் மக்களைத் திரட்டிய சாமுவேல் ஸ்டோக்ஸ்தான் அமெரிக்க ஆப்பிளை இங்கே வேரூன்றச் செய்தவரும். சுமை தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் தம் பழத்தை வண்டியில் அனுப்ப நல்ல சாலை கேட்கிறார்கள். அதை மறுக்க நாம் யார்?

ஆகவே என் நிலைப்பாடு இது. ஒரு கிராமத்திற்கு வெளியுலகத் தொடர்பு அந்த ஒரே சாலைதான் என்றால், அதற்குத் தார் போடத்தான் வேண்டும். வன உரிமைச் சட்டம், 2006 இதற்கு வழி வகுத்திருக்கிறது. கிராமசபை பரிந்துரைத்தால் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வனநிலத்தைச் சாலைக்கு ஒதுக்கலாம்; வெட்டப்படும் மரங்கள் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக் கூடாது. ஐந்து மீட்டர் அகலச் சாலைக்கு ஒரு ஹெக்டேர் என்பது இரண்டு கிலோமீட்டர் நீளம். ஊரைப் பிரதான சாலையோடு இணைக்க இது பெரும்பாலும் போதும்; காட்டைப் பிளந்து நெடுஞ்சாலை அமைக்கப் போதாது. இந்த அளவுகோல் எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

ஆனால், இருபுறத்து ஊர்களுக்கும் கீழே வேறு தார்ச்சாலை இருக்க, நடுவே வீடே இல்லாத காட்டுப்பகுதிக்கும் தார் போட்டு, போடும் சாக்கில் அகலப்படுத்துகிறார்களே, அதைத்தான் எதிர்க்க வேண்டும். கேடு தாரினால் மட்டும் வருவதன்று. அகலப்படுத்துவதற்காக மலையைச் செங்குத்தாக வெட்டுவதாலும், வெட்டிய மண்ணைக் கீழ்ச்சரிவிலேயே தள்ளிவிடுவதாலும் வருகிறது. 2023ஆம் ஆண்டுப் பருவமழையில் இமாச்சலம் எத்தனை உயிர்களைப் பறிகொடுத்தது என்பதை இங்கிருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மிதிவண்டிக்கு மூன்று மீட்டர் அகலமே பெருஞ்செல்வம்.

சரளையாக விடுவது என்றால் கைவிடுவது என்று பொருளன்று. இதை நம் நண்பர்கள் பலர் உணர்வதில்லை. பராமரிக்கப்படாத சரளைச்சாலையில் மழைநீர் சக்கரத்தடத்தில் ஓடி, தடத்தை ஓடையாக்கி, ஓடையைச் சரிவாக்கிவிடும். மேற்புற வடிகாலைத் தூர்வாரவும், கல்வெர்ட்டில் அடைத்த கிளைகளை நீக்கவும், குழியில் கல் நிரப்பவும் ஆள் வேண்டும். இங்கே பொதுப்பணித்துறையின் சாலைத் தொழிலாளரைப் ‘பேல்தார்’ என்பார்கள். மண்வெட்டியோடு தம் பகுதியை நாள்தோறும் நடந்து பார்க்கும் பேல்தார்தான் சரளைச்சாலையின் உண்மையான காவலர். மிதிவண்டிச் சுற்றுலாவுக்கு அரசு பணம் ஒதுக்குவதாயின், அதன் முதல் ரூபாய் உள்ளூர்ப் பேல்தாரின் கூலிக்குச் செல்லட்டும். வரவேற்பு வளைவும், ‘ஐ லவ்’ பலகையும், வாகன நிறுத்துமிடமும் பிறகு வரலாம். வராமலே இருந்தாலும் குறையில்லை. காட்டுவழியில் உள்ள பழைய வனத்துறை ஓய்வில்லங்களைச் செப்பனிட்டு, மிதிவண்டியில் வருவோருக்கும் திறந்துவிட்டால், புதிதாக ஒரு கட்டடமும் எழுப்ப வேண்டியிராது.

ஓட்டுவோருக்கும் கடமைகள் உண்டு. இவ்வழிகள் ஆளில்லாக் காடுகள் அல்ல. குஜ்ஜர்கள் எருமைகளோடும், இடையர்கள் ஆட்டு மந்தைகளோடும் பருவந்தோறும் நடக்கும் தடங்கள். மந்தை வந்தால் இறங்கி, பள்ளத்தின் பக்கம் நிற்காமல் மலையின் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். சிறுத்தையிடமிருந்து காக்க இரும்பு முள்பட்டை கட்டிய நாய்கள் உடன் வரும். அவற்றைத் தாண்டி விரைய முயலாதீர்கள். சராஹனை அடுத்த தாரன்காட்டி போன்ற சரணாலயப் பகுதிகளுக்கு வனத்துறை அனுமதி தேவை. இமாச்சலத்தின் மாநிலப் பறவையான ஜுஜுரானா தரையொட்டிய புதர்களில் வாழும் கூச்சமுள்ள உயிரினம். அது இணைசேர்ந்து முட்டையிடும் மே, ஜூன் மாதங்களில் அங்கே போகாமல் இருப்பதே முறை.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மழையும் ஆப்பிள் வண்டிகளும் சாலையை எடுத்துக்கொள்ளும். அக்டோபரில் வாருங்கள். நார்கண்டாவில் தேநீர் அருந்தியதும் கீழே இறங்காமல் வலப்புறம் திரும்புங்கள். எந்த ஊரில் இரவு தங்குகிறீர்களோ, அவ்வூராரிடம் சாலை எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்புகிறார்கள் என ஒரு முறை கேளுங்கள்.